நோய் தீர்ப்போர் நெஞ்சின் புண்

மருத்துவத்தின் உறுப்புகளைத் தொகுத்துக் கூறப் புகுந்த திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து பணி செய்வானையும் நான்காவது உறுப்பாக வைத்து எண்ணினார். நோயாளியின் துன்பத்தைப் பற்றியும் மருந்தின் ஆற்றலைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் எண்ணில. வைத்தியரும் தாதியரும் தம் கடமையினூடே படுகின்ற துன்பத்தைப் பற்றி எழுதப்பட்டவையோ மிகச் சில. அத்துன்பத்துள்ளும் உடல் அயர்ச்சியும் தொற்று நோய் பற்றிய அச்சமும் பிறர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவன. எளிதிற் புலப்படாத துன்பம் ஒன்று உண்டு. செய்யத்தக்கது இன்னது என்று தெளிவாக அறிந்திருந்தும் அதனைச் செய்ய இயலாதவாறு தடுக்கப்படும்போதும், செய்யத்தகாதது என்று அறிந்த ஒன்றைச் செய்ய நேரும்போதும் மனச்சான்று படுகின்ற துயரே அது.

அத்துயர் உள்ளத்தை வருத்தும் நிலையில் அதனை மனச்சான்றுத் துயர் என்றும், ஆறாது உள்ளே தங்கி ஒருவருடைய தன்மதிப்பையும் பிறர்மீது அவருக்குள்ள நம்பிக்கையையும் அரிக்கத் தொடங்கும் நிலையில் மனச்சான்றுப் புண் என்றும் வேறுபடுத்திக் கூறலாம். இக்கருத்துகளுக்கு மேனாட்டறிஞர் பெயரிட்டது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. வைத்தியசாலைகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அது பல இடங்களிற் பெயரின்றியே நிற்பது தெரியவரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதலாவது பகுதியில் மருத்துவ மாணவரும், இரண்டாவது பகுதியில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பகுதியில் தாய்மாரின் இறப்பு நூற்றுக்கு 11.4 ஆக இருந்தது. இரண்டாவது பகுதியில் அது நூற்றுக்கு 2.8 மட்டுமே. இவ்விறப்புகளின் பெரும்பகுதிக்குக் காரணம் பிரசவக் காய்ச்சல். நகரத்துப் பெண்கள் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். முதற் பகுதிக்குத் தம்மை அனுப்பவேண்டாம் என்று முழந்தாளிட்டு மன்றாடியவர்களும் உண்டு.

அவ்வாண்டு யூலை மாதத்தில் அப்பகுதியின் துணை வைத்தியராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டவர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. இறக்கும் பெண்களுக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் குருவானவருக்கு முன்னால் ஒருவர் மணியடித்துச் செல்வது அக்கால வழக்கம். அம்மணியோசை நோயாளரை நடுங்கச் செய்தது. அவ்வோசை தம்மையே கலங்கச் செய்தது என்றும், காரணம் அறியாது இறந்தோருக்காகத் தம் நெஞ்சு வருந்தியது என்றும் செம்மெல்வைஸ் பிற்காலத்தில் எழுதினார்.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காரணம் வெளிப்பட்டது. அவருடைய நண்பரான பேராசிரியர் கொல்லெற்ச்சுக்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலிற் பட்டு, பிரசவக் காய்ச்சலையொத்த குறிகளுடன் இறந்தார். பிரேத அறையிலிருந்து நேரே மகப்பேற்றுப் பகுதிக்கு வரும் வைத்தியரும் மாணவருமே தம் கைகளில் நஞ்சைச் சுமந்து வருகின்றனர் என்பதைச் செம்மெல்வைஸ் உணர்ந்தார். மே மாத நடுவிலிருந்து, குளோரின் கலந்த நீரிற் கைகழுவாது எவரும் நோயாளரைத் தொடலாகாது என்று விதித்தார். ஏப்பிரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவிற் குறைந்தது. யூலை மாதத்தில் அதனினும் தாழ்ந்தது.

மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்வெற்றியோடு கதையை முடித்துவிடும். அவ்வெற்றிக்குப் பின்னே நின்ற உண்மையோ கொடியது. தாய்மாரைக் கொன்றவை அவர்களைக் காக்க நீட்டிய கைகளே என்பதுதான் அவ்வுண்மை. நோயை ஆராயும் ஆர்வத்தினால் ஏனையோரினும் மிகுதியாகப் பிரேதங்களைச் சோதித்தவர் செம்மெல்வைஸ். ஆதலால், தம்மால் அகாலத்தில் மாண்டோர் எத்துணையர் என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்ற கருத்தை அவர் தமது நூலில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

வட ஜெர்மனியின் கீல் நகரில் மகப்பேற்று மருத்துவத்தில் தலைசிறந்து விளங்கியவர் குஸ்தாவ் அடோல்ப் மிக்கேலிஸ். வியன்னாச் செய்தி அவரை எட்டியபோது அவர் அதனை மறுக்கவில்லை. தம் வைத்தியசாலையிலும் குளோரின் நீராற் கைகழுவும் முறையை உடனே புகுத்தினார். முறை பயன் தந்தது. பயன் தந்தமையே அவருக்குத் துன்பமாயிற்று. அதற்கு முன் அவருடைய நெருங்கிய உறவினளான பெண்ணொருத்தி, அவரே மருத்துவம் பார்த்த பேற்றின் பின் பிரசவக் காய்ச்சலால் இறந்திருந்தாள். அவள் இறப்புக்குத் தம் கைகளே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவ்வெண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளான அவர், 1848ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், தமது ஐம்பதாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அறியாமையால் நேர்ந்த தவறு குற்றமாகாது என்று அவருக்கு எடுத்துச் சொல்லத்தக்க பெரியோர் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. ஆனால் வைத்தியர்கள் ஒன்றாக அமர்ந்து, தம் கைகளால் நேர்ந்த தீங்கைப் பற்றி ஒருவரோடொருவர் பேசும் வழக்கம் அன்று எங்கும் இருக்கவில்லை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற பேராசிரியர் பலர் செம்மெல்வைஸின் முடிவை ஏற்க மறுத்தனர். அதனை ஏற்பதாயின், தாம் அதுவரை இழைத்த தீங்கையும் ஏற்கவேண்டியிருந்தது அம்மறுப்புக்கு ஒரு காரணமாதல் கூடும். செம்மெல்வைஸோ 1861ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் வெளியிட்ட பகிரங்கக் கடிதங்களில் அவர்களைக் கொலைஞர் என்றே சாடினார். 1865ஆம் ஆண்டில் மனநோய் விடுதியொன்றில் உயிர் நீத்தார். ஒருவர் தம்மைத் தாமே தண்டித்தார். ஒருவர் உலகைச் சினந்தார். ஏனையோர் கண்ணை மூடிக்கொண்டனர். மனச்சான்றின் புண் மூவகையாக வெளிப்பட்டது. அதற்கு மருந்திடுவார் மட்டும் எவருமிலர்.

இதற்கு நூறாண்டுகளுக்குப் பின், டென்மார்க்கு நாட்டின் தலைநகரமாகிய கொப்பன்ஹேகனில் வேறொரு வரலாறு எழுதப்பட்டது. 1952ஆம் ஆண்டின் கோடை காலத்தில் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியது. பிளெக்டாம் தொற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரே நாளில் ஐம்பது பேர் வரை வந்து சேர்ந்த நாள்களும் இருந்தன. அவர்களுட் பலருக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்தன. விழுங்கும் ஆற்றலும் அற்றுப்போயிற்று. சுவாசப் பொறிகளோ அவ்வைத்தியசாலையில் ஏழே இருந்தன: உடல் முழுவதையும் உள்ளடக்கும் பெரும்பொறி ஒன்று, மார்பை மட்டும் மூடும் சிறுபொறிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் அப்பொறிகளின் உதவி பெற்ற முப்பத்தொருவருள் இருபத்தெழுவர் இறந்தனர். எஞ்சிய பொறியை எவருக்குக் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்னும் வினா, விடுதிதோறும் நின்ற வைத்தியரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தலைமை வைத்தியர் லாசன், உதவி வைத்தியர் ஒருவரின் யோசனையை ஏற்று, மயக்க மருந்து நிபுணராகிய பியோர்ன் இப்சன் என்பவரை அழைத்து ஆலோசித்தார். சத்திர சிகிச்சைக் கூடத்திற்கு அப்பால் மயக்க மருந்து நிபுணருக்கு வேலையுண்டு என்று அக்காலத்தில் எவரும் பெரிதாக எண்ணியதில்லை. ஆகத்து 27ஆம் நாள், இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்தி அவள் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார் இப்சன். முதலில் அவள் மூச்சு முட்டித் திணறினாள்; பார்த்து நின்றோர் நம்பிக்கையிழந்தனர். இப்சன் மயக்க மருந்து கொடுத்து அவளுடைய போராட்டத்தை அடக்கி, மீண்டும் பையை அழுத்தினார். சிறிது நேரத்திற்குள் அவள் நிலை தேறியது.

முறை கிடைத்துவிட்டது, ஆனால் பை தானே இயங்காது. இரவும் பகலும் ஒருவர் அருகிலிருந்து அதனை அழுத்தவேண்டும். அழுத்துவதை நிறுத்தினால் நோயாளியின் மூச்சும் நின்றுவிடும். லாசன் பல்கலைக்கழக மருத்துவ மாணவரை அழைத்தார். மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்து, நோயாளரின் தலைமாட்டில் அமர்ந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் பையை அழுத்தினர். ஒரே வேளையில் எழுபது நோயாளர் வரை இவ்வாறு கைகளாலேயே மூச்சு ஊட்டப்பெற்றனர். மூச்சுத் தசைகள் செயலிழந்தோருள் நூற்றுக்கு எண்பத்தேழுபேர் அளவில் இறந்த நிலை மாறி, நாளடைவில் இறப்பு நூற்றுக்கு இருபத்தைந்து அளவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் இப்சன் அதே நகரின் மற்றொரு வைத்தியசாலையில் நிறுவிய பகுதியே உலகின் முதலாவது தீவிர சிகிச்சைப் பிரிவென்று பலராலும் மதிக்கப்படுகின்றது.

தீவிர சிகிச்சையின் பிறப்பாகவே இந்நிகழ்ச்சி பெரிதும் பேசப்படுவது இயல்பே. மனச்சான்றின் வரலாற்றிலும் அதற்கு ஓரிடம் உண்டு. அம்மாணவருட் பலர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். நோயாளியோ பேசமுடியாதவர், கண்ணசைவினாலேயே தம் நிலையை உணர்த்துபவர். தம் கை பையைப் பற்றியிருக்கும்போதே நோயாளி இறப்பதைக் கண்ட மாணவரும் இருந்தனர். அவர்கள் பட்ட துயரை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அத்துயருக்கும் மிக்கேலிஸின் துயருக்கும் வேற்றுமை உண்டு. இவர்கள் செய்யத்தக்கதைச் செய்துகொண்டிருந்தனர். செய்யவும் அவர்களுக்கு வழிவிடப்பட்டிருந்தது. எவரைக் கைவிடுவது என்னும் வினாவுக்குக் கொப்பன்ஹேகன் நகரம் தத்துவ விடை தேடவில்லை. மூவாயிரம் கைகளைக் கொண்டுவந்து அவ்வினாவையே அகற்றிவிட்டது.

இதே காலப்பகுதியில் இலண்டன் மாநகரின் பெரிய போதனா வைத்தியசாலை ஒன்று, தாதியர் பயிற்சியில் நேர்ந்த இடர்ப்பாட்டை ஆராய்ந்து தருமாறு தவிஸ்ரொக் நிறுவனத்தை நாடியது. அவ்வாராய்ச்சியை நடத்திய இசபெல் மென்சிஸ் என்னும் அம்மையார் 1959ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முடிவுகள், வைத்தியசாலை நிருவாகத்தைப் பற்றிச் சிந்திப்போர் இன்றளவும் எடுத்தாளுவன. பயிற்சித் தாதியருள் மூன்றிலொரு பங்கினர் அளவில் பயிற்சி முடியுமுன்னரே விலகிக்கொண்டிருந்தனர். வேலைப் பளுவும் குறைந்த ஊதியமுமே காரணம் என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. மென்சிஸ் அம்மையார் கண்ட காரணம் ஆழமானது.

நோயும் இறப்பும் உண்டாக்கும் மனக்கலக்கம் தாதியரைத் தாக்காதிருக்கும் பொருட்டு, வைத்தியசாலை தன்னையறியாமலேயே ஓர் அரணை எழுப்பியிருந்தது. ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிப்பதற்குப் பதிலாக, பல நோயாளருக்கு ஒவ்வொரு சிறு பணியை மட்டும் செய்தாள். நோயாளர் பெயராலன்றிக் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டப்பட்டனர். தாதியர் ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு அடிக்கடி மாற்றப்பட்டனர். எவரோடும் பற்றுக்கொள்ளாதிருத்தலே நல்ல தாதிக்கு அழகு என்று கற்பிக்கப்பட்டனர். நோயாளி உறங்குவதே நலம் என்று தெரிந்தும், விதி கூறும் நேரத்தில் அவரை எழுப்பவேண்டியிருந்தது. முடிவெடுக்கும் சுமையைக் குறைப்பதற்காக ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்பட்டு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது.

இவ்வரண் மனக்கலக்கத்தைத் தடுத்ததா? தடுக்கவில்லை. தாதியர் எதற்காக இத்தொழிலை நாடி வந்தனரோ அதனையே அது அவர்களிடமிருந்து பறித்தது. நோயாளியைப் பேணவேண்டும் என்னும் வேட்கையுடன் வந்தவர்கள், நன்கு பேணாதிருக்கும்படி விதிக்கப்பட்டனர். விலகிச் சென்றோருள் ஆற்றல் மிக்க பெண்கள் பலர் இருந்தனர் என்பது மென்சிஸ் அம்மையாரின் கணிப்பு. வைத்தியசாலையில் வேலை செய்வோர் நெஞ்சை இறுக்கிக்கொள்ளவேண்டும் என்று அறிவுரை கூறுவோர் இவ்வாராய்ச்சியைக் கருதிப் பார்த்தல் நன்று. இறுக்கிக்கொண்ட நெஞ்சுக்குத் துயர் குறைவதில்லை. அதனைச் சொல்லும் வாய் மட்டுமே அடைபடுகின்றது. அதே தவிஸ்ரொக் வட்டாரத்தில் மைக்கேல் பாலிந்த் என்னும் மருத்துவர், தம் மனைவி ஈனிட் அம்மையாரோடு சேர்ந்து, 1950ஆம் ஆண்டளவிலிருந்து குடும்ப வைத்தியரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, தம்மை வருத்திய நோயாளரைப் பற்றி மனந்திறந்து பேசச் செய்தார். மிக்கேலிஸின் காலத்தில் இல்லாதிருந்த வாய்ப்பு இவ்வாறு மெல்ல உருப்பெறலாயிற்று.

அடுத்த காட்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகரம். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960ஆம் ஆண்டில், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோருக்கு மீண்டும் மீண்டும் குருதிச் சுத்திகரிப்புச் செய்ய உதவும் குழாய் அமைப்பொன்றை உருவாக்கினார். அதுவரை சாவு உறுதி என்று கருதப்பட்டோர் ஆண்டுக்கணக்கில் வாழ வழி பிறந்தது. 1962ஆம் ஆண்டு சனவரியில் அதற்கென்று தனி நிலையம் திறக்கப்பட்டபோது அதில் இருந்த கட்டில்கள் மூன்று மட்டுமே. காத்திருந்தோரோ பலர்.

தேர்வுச் சுமையை வைத்தியர் தாமே சுமக்க விரும்பவில்லை. மருத்துவச் சங்கத்தின் ஏற்பாட்டில் எழுவர் கொண்ட குழு அமைந்தது. சமய குரு, வழக்கறிஞர், இல்லத்தரசி, வங்கியாளர், தொழிலாளர் தலைவர், அரசாங்க உத்தியோகத்தர், சத்திர சிகிச்சை வைத்தியர் ஆகியோர் அதன் உறுப்பினர். அவர்கள் பெயர்கள் வெளியிடப்படவில்லை. நோயாளியின் வயது, குடும்பநிலை, வருவாய், தொழில், கல்வி, சமூகப்பணி ஆகியவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து, எவர் வாழத்தக்கவர் என்று அவர்கள் முடிவு செய்தனர். 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லைப் சஞ்சிகையில் சானா அலெக்சாந்தர் என்னும் பெண் எழுத்தாளர் இதனை விரித்தெழுதியபோது நாடே திடுக்கிட்டது. கோவிலுக்குச் செல்வோன் வாழவும் செல்லாதோன் மாளவும் வேண்டுமோ என்ற வினா எழுந்தது.

குழு அமைத்தது முற்றும் தவறன்று. தனியொருவர் தாங்கமுடியாத முடிவைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல் அறிவுடைமையே. ஆயினும் சுமை பகிரப்பட்டதேயன்றி நீங்கவில்லை. உயிர்காக்கும் முறை கையிலிருந்தும் மறுக்கப்பட்டவர்களை ஸ்கிரிப்னரும் அவருடன் பணியாற்றியோரும் மறந்துவிடவில்லை. 1964ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் சபையொன்றில் தலைமையுரை ஆற்றிய ஸ்கிரிப்னர், இச்சிகிச்சை எழுப்பிய அறநெறி வினாக்களையே தம் பொருளாக எடுத்துக்கொண்டார். 1972ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டமொன்று, சிறுநீரகம் செயலிழந்தோருள் மிகப் பெரும்பாலோருக்கு அரசாங்கச் செலவிற் சிகிச்சை கிடைக்க வழி செய்தது. அதன் பின்னரே தேர்வுக் குழுக்களுக்குத் தேவை அற்றது. கொப்பன்ஹேகனில் மாணவரின் கைகள் செய்ததைச் சியாற்றிலில் நாட்டின் பணம் செய்தது.

இத்துயருக்குப் பெயர் கிடைத்தது இதற்குப் பின்னரே. 1984ஆம் ஆண்டில் அன்றூ ஜேம்ற்றன் என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் தாதியர் அறநெறி பற்றிய தம் நூலில், செய்யத்தக்கதை அறிந்தும் நிறுவனத் தடைகளால் அதனைச் செய்ய இயலாத நிலையைத் தனியே பிரித்துக் காட்டி, மனச்சான்றுத் துயர் என்னும் கருத்தை நிலைநாட்டினார். 1994ஆம் ஆண்டில் ஜொனதன் சே என்னும் மனநல மருத்துவர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரரின் உள்ளத்தைப் பண்டைக் கிரேக்கக் காவியமாகிய இலியத்தின் வீரன் அக்கிலீசின் உள்ளத்தோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். பொறுப்பிலிருந்த தலைவர் அறத்தைக் கைவிடும்போது கீழுள்ளோர் நெஞ்சில் விழுவது அச்சத்தினும் கொடிய புண் என்பது அவர் கண்ட முடிவு. போர்க்களத்துக்குரிய இக்கருத்தைப் பிற்காலத்தோர் வைத்தியசாலைக்கும் பொருத்தினர். 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இருவர், தம் தோழர்கள் களைப்பினால் மட்டும் வாடவில்லை, நோயாளிக்குரியதைச் செய்யவிடாத அமைப்பினாற் புண்பட்டுள்ளனர் என்று எழுதியபோது, அது பலருடைய உள்ளக்கிடக்கையாகவே இருந்தது.

பெயர் கிடைத்தபின் மருந்து தேடும் முயற்சியும் தொடங்கியது. 1995ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்து வழக்கறிஞர் கென்னெத் சுவார்ட்ஸ், நுரையீரற் புற்றுநோயால் இறக்குமுன், தம்மைப் பேணியோர் காட்டிய பரிவு நிலைக்கவேண்டும் என விரும்பி ஒரு நிலையத்துக்கு வித்திட்டார். அதன் வழிவந்த கூட்டங்களில் வைத்தியர், தாதியர், ஏனைய ஊழியர் யாவரும் உயர்வு தாழ்வின்றி ஒன்றாக அமர்வர். நோயின் மருத்துவ நுட்பம் அங்கே பேசப்படுவதில்லை. அந்நோயாளியைப் பேணியபோது தத்தம் நெஞ்சிற்பட்டதையே ஒவ்வொருவரும் கூறுவர். 2009ஆம் ஆண்டில் இம்முறை இங்கிலாந்தையும் அடைந்தது. வெர்ஜீனியாப் பல்கலைக்கழக வைத்தியசாலை 2006ஆம் ஆண்டளவில் மற்றொரு வழியைக் கண்டது. மனச்சான்றுத் துயருற்ற ஊழியர் அழைத்தவுடன் ஆலோசகர் அவ்விடுதிக்கே சென்று, துயருக்குக் காரணம் ஒரு நோயாளியின் நிலையா, விடுதியின் நடைமுறையா, முழு நிறுவனத்தின் விதியா என்று ஆராய்ந்து, மாற்றத்தக்கதை மாற்ற வழிகாட்டுவர்.

2020ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது இவையனைத்தும் சோதனைக்குள்ளாயின. இத்தாலியின் இலம்பார்டி மாகாணத்திற் சுவாசப் பொறிகளும் தீவிர சிகிச்சைக் கட்டில்களும் போதாதுபோக, 1952ஆம் ஆண்டின் வினா மீண்டும் தலைதூக்கியது. மார்ச்சு 6ஆம் நாள் அந்நாட்டின் மயக்க மருந்து நிபுணர் சங்கம் தேர்வு நெறிகளை வெளியிட்டது. முடிவெடுக்கும் சுமையின் ஒரு பங்கையேனும் தனிப்பட்ட வைத்தியரின் தோள்களிலிருந்து இறக்குதல் அந்நெறிகளின் நோக்கங்களுள் ஒன்று என அச்சங்கம் வெளிப்படையாகவே கூறியது. உறவினர் உள்ளே வரத் தடையிருந்தமையால், இறப்போரின் காதருகே தொலைபேசியைப் பிடித்து நின்ற தாதியர் பல நாடுகளில் இருந்தனர். விதி தேவையானதே. ஆயினும் தாயையும் மகனையும் இறுதி நேரத்திற் பிரித்து வைத்த கை தம்முடையது என்னும் எண்ணம் அவர்களுட் பலரை விட்டு நீங்கவில்லை.

இலங்கையும் இவ்வனுபவத்துக்குப் புறம்பானதன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அந்நியச் செலாவணி அற்றுப்போக, மருந்துகளும் சத்திர சிகிச்சைப் பொருள்களும் நாட்டினுள் வருவது தடைப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், அவசரமல்லாத சத்திர சிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டினால் நிறுத்திவைக்கப்பட்டன. பச்சிளங் குழந்தைகளுக்குரிய சுவாசக் குழாய்கள் குறைந்துபோக, ஒருமுறை பயன்படுத்தியவற்றையே தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தவேண்டி நேரலாம் என்று குழந்தை நல வைத்தியர் எச்சரித்தனர். எது செய்யத்தக்கது என்பதில் அவ்வைத்தியருக்கோ தாதியருக்கோ ஐயம் இருக்கவில்லை. செய்வதற்குரிய பொருளே இருக்கவில்லை. நெருக்கடியைத் தொடர்ந்து கடல் கடந்து சென்ற வைத்தியரும் தாதியரும் பலர். அவர்கள் அனைவரும் ஊதியம் ஒன்றை மட்டும் கருதிச் சென்றனர் என்று கூறுதல், இலண்டன் வைத்தியசாலையை விட்டு விலகிய பயிற்சித் தாதியரைப் பற்றிப் பலரும் கூறிய அதே எளிய விடையைத் திருப்பிக் கூறுவதாகும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் சில உள. முதலாவது, இத்துயர் நோயன்று. நல்ல மனச்சான்று உயிரோடிருப்பதன் அடையாளம். அதனைக் கோழைத்தனமென்றோ மனப்பலவீனமென்றோ கருதுதல் பெருந்தவறு. இரண்டாவது, ஓய்வும் தியானமும் ஆறுதல் உரையும் நல்லனவே. ஆயினும், தடையை அப்படியே விட்டுவிட்டுத் தடுக்கப்பட்டவரை மட்டும் தேற்றுவது அரைகுறை மருத்துவமே. தடையை நீக்க இயலுமாயின் நீக்குதலே முதற் சிகிச்சை. மூன்றாவது, நீக்க இயலாத தடையாயின், முடிவெடுக்கும் சுமையை இரவுப் பணியிலிருக்கும் இளம் வைத்தியர் ஒருவர்மீதோ தனித்து நிற்கும் தாதி ஒருத்திமீதோ சுமத்தலாகாது. மேலோர் அருகில் நின்று அதிற் பங்கேற்றல் வேண்டும்; தட்டுப்பாடு உண்டெனின் அதனை மறையாது தாமே மக்களுக்கு உரைத்தல் வேண்டும். நான்காவது, நிகழ்ந்ததைப் பற்றித் தண்டனைக்கு அஞ்சாது பேசுவதற்குரிய இடமும் நேரமும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் அமைதல் வேண்டும். இதற்குப் பெருஞ் செலவில்லை. ஓர் அறையும், வாரத்தில் ஒரு மணி நேரமும், கேட்பதற்குச் செவியுமே தேவை. துயர் மிக்கு வாழ்விலேயே வெறுப்புத் தோன்றுமாயின், தகுந்த மனநல வைத்தியரை நாடுவது எவருக்கும் இழுக்காகாது.

பொதுமக்களுக்கும் இதிற் பங்குண்டு. மருந்து இல்லை என்று சொல்லும் தாதி அம்மருந்தை ஒளித்து வைத்தவளல்லள். கட்டில் இல்லை என்று சொல்லும் வைத்தியர் அக்கட்டிலை மறுப்பதில் மகிழ்பவரல்லர். அச்சொற்களை உரைக்கும்போது கேட்போர் நெஞ்சைப்போலவே சொல்வோர் நெஞ்சும் புண்படுதல் கூடும். சினம் எழுவது இயல்பே. அச்சினம் செல்லவேண்டிய இடம், மருந்தும் கட்டிலும் இல்லாமற் போனதற்குப் பொறுப்பானோரிடமேயன்றி, இருப்பதைக் கொண்டு இரவெல்லாம் விழித்திருப்போரிடமன்று. கொப்பன்ஹேகன் நகரத்து மாணவர் தலைக்கு நூறு மணி நேரத்துக்கு மேலாகப் பையை அழுத்தியமை அவர்கள் பிறரினும் உறுதி மிக்கவர்களாயிருந்ததனால் மட்டுமன்று. ஒருவர் கை ஓய்ந்தபோது அப்பையை வாங்கிக்கொள்ள அடுத்த கை அருகிலே ஆயத்தமாக இருந்தது.